தொப்புள் ஒரு பி.பி. நம்பர்

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற அரசு அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



இந்த மாதம் உடல்நலம் பற்றிப் பேச வேண்டும் என்று நூலகர் கேட்டார். "இதயம், சர்க்கரை ரெண்டும் போன வருஷமே ஆயிடுச்சு டாக்டர், வேற ஏதாச்சும் சொல்லுங்க" என்றார். தொப்புள் என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நோட்டீஸில் 'வயிற்று வலி: சில உண்மைகள்' என்று கௌரவமாகப் போட்டிருக்கிறார்கள். தமிழ் சினிமா தொப்புளுக்குக் கொடுத்து வைத்திருக்கும் இடத்தை நினைத்துப் பயந்திருப்பார் போல. நான் பேச வந்தது வலிக்கிற தொப்புளைப் பற்றி.

வயிறு வலிக்கிறது என்று அழுகிற ஐந்து வயதுக் குழந்தையிடம், "எங்க வலிக்குது, ஒரு விரலால காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். விரல் நேராகத் தொப்புளுக்குப் போகும். முப்பது வருடம் வெளிநோயாளிகள் பிரிவில் இதைத்தான் பார்த்தேன். கூட வந்திருக்கும் அப்பத்தாவோ அம்மாச்சியோ அதற்குள் நோயைச் சொல்லி முடித்திருப்பார்கள். உயரத்திலிருந்து குதித்திருந்தால் குடலேற்றம். சாப்பிடும்போது யாராவது பார்த்திருந்தால் கண்ணேறு. கோழிக்கறி தின்ற மறுநாள் என்றால் தொக்கம். வெயிலில் ஆடியிருந்தால் சூடு. ஒன்றும் அகப்படவில்லை என்றால், இருக்கவே இருக்கிறது வாயு.

இவர்களைக் கேலி செய்ய நான் இங்கே வரவில்லை. என் வயிற்றையும் என் அப்பத்தாதான் தடவி விட்டாள். அவள் கை வைத்ததும் வலி நின்றது உண்மை. ஏன் நின்றது, எப்போது நிற்காது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில், எல்லா வலியும் ஏன் தொப்புளுக்கே வருகிறது? இங்கே நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு பி.பி. நம்பர் ஞாபகம் இருக்கும். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். தெருவில் ஒரு வீட்டில்தான் போன். கல்யாணப் பத்திரிகையிலும் வேலை விண்ணப்பத்திலும் அந்த வீட்டு நம்பரைப் போட்டு, பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதிவிடுவோம். மணி அடித்தால், அந்தத் தெருவில் யாருக்கோ அழைப்பு என்பது மட்டும் தெரியும். யாருக்கு என்று தெரிய, போன் வீட்டுக்காரர் எடுத்து விசாரிக்க வேண்டும்.

தொப்புள் நம் குடலின் பி.பி. நம்பர். தோலில் எறும்பு கடித்தால் இடத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடுவோம். குடலுக்கு அப்படித் தனி விலாசம் கிடையாது. இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். குடலைக் கத்தரியால் வெட்டினால் அதற்கு வலிக்காது. உப்பினால், இழுபட்டால், ரத்த ஓட்டம் நின்றால்தான் வலிக்கும். சிறுகுடலின் பெரும்பகுதி, குடல்வால், பெருங்குடலின் முதல் பாதி, இவற்றின் வலிச் செய்திகள் முதுகுத்தண்டில் ஏறத்தாழ பத்தாவது மார்பு நரம்பின் மட்டத்தில் போய்ச் சேருகின்றன. தொப்புளைச் சுற்றியுள்ள தோலின் செய்தியும் அதே மட்டத்துக்குத்தான் வருகிறது. மூளைக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. "தொப்புளில் வலிக்கிறது" என்று எழுதி அனுப்பிவிடும். தொப்புள், பாவம், சும்மாதான் இருக்கும்.

குடலுக்கும் தொப்புளுக்கும் இன்னொரு பழைய உறவும் உண்டு. தாயின் வயிற்றில் ஆறாவது வாரம் வாக்கில், கருவின் குடல் வேகமாக நீள்கிறது. உள்ளே இடம் போதாது. தொப்புள்கொடியின் அடிப்பகுதிக்குள், அதாவது வயிற்றுக்கு வெளியே, குடல் போய்விடுகிறது. அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றி, பத்தாவது வாரம் வாக்கில் திரும்ப உள்ளே வந்து படிகிறது. நாம் எல்லோரும் ஒரு மாதம் குடலை வெளியே வைத்துக்கொண்டு இருந்தவர்கள்தான். 'குடல் இடம் மாறும்' என்று நம் கிழவிகள் சொன்னது முழுப் பொய் இல்லை. என்ன, பிறப்பதற்கு முன்னால் நடந்து முடிந்த சங்கதி அது. அந்தச் சுற்று அரைகுறையாக நின்றுபோன குழந்தைகளுக்குக் குடல் முறுக்கிக்கொள்ளலாம். பச்சிளங்குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் குலசாமிக்கு நேர்ந்துகொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு நேர்ந்துகொள்ளுங்கள்.

தொப்புள் விலகும் என்கிற நம்பிக்கை நமக்கு மட்டும் சொந்தமில்லை. வட இந்தியாவில் 'நாபி நகர்ந்துவிட்டது' என்பார்கள். 'தரண்' என்றும் ஒரு பெயர். ஈரானில் 'தொப்புள் விழுந்துவிட்டது' என்கிறார்கள். துருக்கியிலும் கிட்டத்தட்ட அதே சொல். வடக்கே இதைக் கண்டுபிடிக்கிற முறையைப் பார்த்திருக்கிறேன். காலையில் வெறும் வயிற்றில் மல்லாக்கப் படுக்க வைத்து, தொப்புளில் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறார்கள். துடிப்பு நடுவில் தெரிந்தால் எல்லாம் சரி. பக்கத்தில் தெரிந்தால் நாபி நகர்ந்துவிட்டது. அந்தத் துடிப்பு நிஜம்தான். இதயத்திலிருந்து இறங்கி வருகிற பெருந்தமனி அது. தொப்புளுக்குச் சற்றுக் கீழே இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. ஒல்லியான ஆள், வெறும் வயிறு என்றால் யாருடைய விரலுக்கும் தட்டுப்படும். அந்தத் தமனி இயல்பாகவே நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் இடதுபுறமாகத்தான் ஓடுகிறது. ஆக, நன்றாகத் தேடுகிற வைத்தியருக்கு எந்த ஆரோக்கியமான மனிதரின் நாபியும் நகர்ந்துதான் இருக்கும். விரலில் பட்டது சரி, அதற்குச் சொன்ன அர்த்தம்தான் தப்பு.

நம் ஊரில் குடலேற்றத்துக்குக் குடல் தட்டுவதைப் பார்க்காதவர்கள் இந்தக் கூட்டத்தில் குறைவாகத்தான் இருப்பீர்கள். ஒவ்வொரு ஊரில் ஒவ்வொரு பக்குவம். பாயில் படுக்கவைத்து, வயிற்றில் விளக்கெண்ணெய் விட்டு, விலாவிலிருந்து தொப்புளை நோக்கி வழித்துக்கொண்டு வருவார்கள். பிறகு காலைத் தூக்கி உள்ளங்காலில் தட்டுவார்கள். பத்துப் பிள்ளைகளில் எட்டோ ஒன்பதோ அன்று சாயந்தரமே எழுந்து ஓடிவிடும். தட்டாமல் விட்டிருந்தாலும் அவை ஓடியிருக்கும் என்பதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. பிள்ளைகளின் வயிற்று வலியில் பெரும்பகுதி தானாகவே அடங்குவது. வைத்தியரின் பெயர் இப்படித்தான் ஊரில் நிலைக்கிறது. உண்மையைச் சொன்னால், மருத்துவர்களாகிய எங்கள் பெயரும் பாதி அப்படி நிலைத்ததுதான்.

மிச்சமிருக்கிற ஒன்றிரண்டு பிள்ளைகளைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

பதினோரு வயதுப் பையன். ஆறாம் வகுப்பு. செவ்வாய்க்கிழமை சாயந்தரம் பம்ப்செட் தொட்டியில் கூட்டாளிகளோடு குதித்திருக்கிறான். ராத்திரி தொப்புளைச் சுற்றி வலி. சோறு வேண்டாம் என்றான், ஒரு தடவை வாந்தி. குதித்தானா, குதித்தான், அப்படியானால் குடலேற்றம். புதன் காலை தட்டுகிற அம்மாவிடம் கூட்டிப் போனார்கள். வயிற்றை வழித்து, உள்ளுக்கும் விளக்கெண்ணெய் கொடுத்து அனுப்பினார்கள். புதன் பகலில் வலி வலது பக்க அடிவயிற்றுக்கு இறங்கியது. பையன் குனிந்து நடந்தான். "குடல் இறங்குது, நல்லதுதான்" என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். ராத்திரி திடீரென்று வலி குறைந்தது. பையன் தூங்கினான், வீடும் தூங்கியது. வியாழன் மதியம் என் முன்னால் மேசையில் கிடந்தான். வயிறு பலகை மாதிரி. உதடு வறண்டு, கண் உள்ளே போய், நாடி 140. திறந்து பார்த்தபோது குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ்.

பிழைத்துக்கொண்டான். பன்னிரண்டு நாள் வார்டில் கிடந்தான். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவன் அப்பத்தா என்னிடம் வந்து, அடங்கிய குரலில் கேட்டார். "புதங்கிழம ராத்திரி வலி நின்னுச்சே சாமி, அது எப்படி?"

என் வாழ்நாளில் நோயாளியின் வீட்டார் என்னிடம் கேட்ட ஆகச் சிறந்த கேள்வி அது. குடல்வால் என்பது சுண்டுவிரல் மாதிரி ஒரு பக்கம் மூடிய குழாய். வாய் அடைபட்டால் உள்ளே நீர் தேங்கி உப்பும். உப்புகிற வலி பி.பி. நம்பருக்கு, அதாவது தொப்புளுக்கு வரும். வீக்கம் வெளிச்சுவருக்கு வந்து வயிற்றின் உள்சவ்வைத் தொட்டதும் வலி அதன் சொந்த விலாசத்துக்கு, வலது அடிவயிற்றுக்கு, நகரும். பெரும்பாலும் ஒரு நாளைக்குள் இது நடந்துவிடும். அப்புறம் அந்தக் குழாய் வெடித்தால் உள்ளே இருந்த அழுத்தம் இறங்கிவிடும், வலியும் சட்டென்று குறையும். சில மணி நேரம்தான். அதற்குள் சீழ் வயிறு முழுக்கப் பரவிவிடும். அந்த வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கிய ராத்திரிதான் அவன் குடல்வால் வெடித்த ராத்திரி. நானறிந்தவரை இதைவிடக் கொடூரமான ஏமாற்று வேலையை உடம்பு செய்வதில்லை.

குதித்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பேதிக்குக் கொடுத்ததும் வயிற்றை வழித்ததும் அந்தக் குழாய் வெடிப்பதற்குத் துணைபோகக்கூடியவை. இந்த நோய்க்கு ஒழுங்கான பெயரே 1886இல்தான் வந்தது. பாஸ்டனில் ரெஜினால்ட் ஃபிட்ஸ் என்கிற மருத்துவர், வலது அடிவயிற்றுச் சீழுக்கு மூலம் குடல்வால்தான் என்று காட்டி, அப்பெண்டிசைட்டிஸ் என்று பெயர் வைத்தார். மூன்று வருடம் கழித்து நியூயார்க்கில் சார்லஸ் மக்பர்னி, வலி எந்தப் புள்ளியில் வந்து உட்காரும் என்று எழுதினார். வலது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டு, எலும்புப் பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம். உலகத்தின் பெரிய மருத்துவர்களுக்கே அவ்வளவு தாமதமாகத் தெரிந்த விஷயம் அந்த அப்பத்தாவுக்குத் தெரியவில்லை என்று நான் எப்படிக் கோபப்படுவது?

ஆனால் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். பிள்ளையை ஒரு தடவை குதிக்கச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே குதித்தால் ஓரளவு நிம்மதி. குதிக்க மாட்டேன் என்றாலோ, குதித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கள் வார்டிலும் இதைத்தான் செய்வோம், காசு செலவில்லாத சோதனை.

இரண்டு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைகளுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள், சட்டைக் கையை உள்ளே மடித்துவிட்ட மாதிரி, செருகிக்கொள்ளும். குழந்தை வீறிட்டு அழும், காலை மடக்கும், ஓய்ந்து கிடக்கும், மறுபடி வீறிடும். பிறகு சிவப்பு ஜெல்லி மாதிரி மலம் போகும். இந்த வயிற்றில் எண்ணெய் விட்டு வழிக்கவே கூடாது. சீக்கிரம் கொண்டுவந்தால் பல குழந்தைகளுக்கு அறுவை இல்லாமலே, ஆசனவாய் வழியாகக் காற்றோ திரவமோ செலுத்திச் சரிசெய்துவிடலாம்.

வயிற்று வலிக்குச் சூடு போடுவதைப் பற்றி ஒரே வார்த்தை. தொப்புளைச் சுற்றிப் பழுத்த புண்ணோடு வரும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். அதில் விளக்க ஒன்றுமில்லை. செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள்.

என் அப்பத்தா கைக்கு வருவோம். அவள் தடவியதும் வலி நின்றதே, அது கற்பனையா? இல்லை. 1965இல் மெல்சாக், வால் என்கிற இருவர் வலிக்கு ஒரு 'வாயில் கோட்பாடு' சொன்னார்கள். தொடுகிற, தேய்க்கிற உணர்வு தண்டுவடத்துக்குப் போகும்போது, வலிச் செய்தி உள்ளே நுழைகிற கதவை அது பாதி சாத்திவிடுகிறது என்பது சாரம். முட்டி இடித்துக்கொண்டால் நாமே தேய்த்துக்கொள்கிறோம், அதே கணக்குத்தான். அதோடு வெதுவெதுப்பான கை, பிடித்த மனுஷி, மடியில் படுக்கை. இவையெல்லாம் வலியைக் குறைப்பவை.

அப்பத்தாவின் கைக்கு மிகவும் பொருத்தமான நோயாளிகள் உண்டு. அவர்களைப் பற்றி பிரிட்டனில் ஜான் ஆப்லி என்கிற குழந்தை மருத்துவர் நிறைய எழுதினார். பிரிஸ்டல் நகரத்தில் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை விசாரித்து 1958இல் அவரும் நேய்ஷ் என்பவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏறத்தாழ பத்தில் ஒரு பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப வயிற்று வலி. பெரும்பாலானவர்களிடம் எந்த நோயும் அகப்படவில்லை. ஆப்லி சொன்ன ஒரு கணக்கை இன்றும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். வலி தொப்புளைவிட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அவ்வளவுக்கு உள்ளே நிஜமான கோளாறு இருக்கும் வாய்ப்பு அதிகம்.

திங்கட்கிழமை காலையில் மட்டும் வருகிற வயிற்று வலி, கணக்குப் பரீட்சை வலி, அப்பா அம்மா சண்டை போட்ட மறுநாள் வலி. இதை நடிப்பு என்று அடிக்காதீர்கள். வலி உண்மை. குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓடுகிற கம்பி கொஞ்சம் கூடுதல் கூர்மையாக இருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பிள்ளைக்கு ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுப்பதைவிட அப்பத்தாவின் கை மேல். அதே சமயம், எடை குறைந்தால், ராத்திரி தூக்கத்திலிருந்து வலி எழுப்பினால், மலத்தில் ரத்தம் போனால், காய்ச்சல் சேர்ந்தால், அப்பத்தாவை விட்டுவிட்டு எங்களிடம் வாருங்கள்.

பூச்சி என்று பாட்டிகள் சொன்னதில் நியாயம் இருந்தது. நாக்குப்பூச்சி என்று நாம் சொல்கிற உருளைப்புழு ஒரு சாண், சில சமயம் அதற்கும் மேல் வளரும். கூட்டமாகச் சேர்ந்தால் குடலையே அடைத்துவிடும். அப்படி அடைத்த குடலை நான் திறந்து பார்த்திருக்கிறேன், அதற்கு மேல் விவரிக்கவில்லை, கூட்டம் முடிந்து டிபன் இருக்கிறது. 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் என்று பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். அன்றைக்குப் பிள்ளைக்கு லீவு போடாதீர்கள்.

பிறந்த குழந்தையின் தொப்புள் தனிக்கதை. கொடி விழும்வரை மஞ்சள், சாம்பல், எண்ணெய் என்று வைப்பது நம் வழக்கம். சில பகுதிகளில் சாணம்கூட. அறுத்த இடம் திறந்த புண். சாணத்திலும் மண்ணிலும் ரணஜன்னிக் கிருமியின் விதைகள் இருக்கும். ஒரு காலத்தில் பிறந்து ஒரு வாரத்தில் பால் குடிக்க முடியாமல் விறைத்துச் செத்த குழந்தைகள் இந்த நாட்டில் எத்தனையோ. கர்ப்பிணிக்குத் தடுப்பூசி, சுத்தமான பிரசவம், கொடியில் எதையும் தடவாமல் காயவிடுவது, இவை மூன்றும் சேர்ந்துதான் அதை ஒழித்தன. 2015இல் இந்தியா பேறுகால, பச்சிளங்குழந்தை ரணஜன்னியை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. தொப்புளைச் சுற்றிச் சிவந்து, சீழ் வாடை வந்தால் உடனே காட்டுங்கள். கொடி விழுந்த குழந்தைக்கு வாயுவுக்கென்று தொப்புளைச் சுற்றிப் பெருங்காயமோ வசம்போ குழைத்துப் போடுகிறீர்களா, வெளியே தோலோடு நிற்கிறவரை நான் சண்டைக்கு வரமாட்டேன். ராத்திரி பெயரைச் சொல்லக்கூடாது என்று 'பேர்சொல்லா மருந்து' என்றே வசம்பை அழைத்த வம்சம் நாம். ஆனால் அதை உரைத்து உள்ளுக்குப் புகட்டாதீர்கள்.

அழும்போது பலூன் மாதிரி பிதுங்கும் தொப்புளுக்கு ஒரு ரூபாய் நாணயம் வைத்துக் கட்டுவதும் வேண்டாம். தோல் புண்ணாவதுதான் மிச்சம். பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கைந்து வயதுக்குள் அந்த ஓட்டை தானே மூடிவிடும். பெரியவர்களுக்கு மூடாது. இரண்டு மூன்று பிள்ளை பெற்ற தாய்மார்கள் தொப்புளில் நெல்லிக்காய் அளவு புடைப்பை வருடக்கணக்கில் சேலைக்குள் மறைத்துவைத்திருப்பார்கள். ஒரு நாள் அது உள்ளே போகாமல் கல்லாகி, நிறம் மாறி, வாந்தியோடு வருவார்கள். உள்ளே குடல் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாத வலி அது.

வாட்ஸ்அப் சமாசாரத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேள்வி நேரத்தில் எப்படியும் வரும். தொப்புளுக்குப் பின்னால் 'பெச்சோட்டி' என்று ஒரு சுரப்பி இருப்பதாகவும், 72,000 நரம்புகள் அங்கே கூடுவதாகவும், ராத்திரி எண்ணெய் விட்டால் கண், உதடு, முட்டி எல்லாம் சரியாகும் என்றும் சுற்றுகிறது. ஆயிரக்கணக்கான வயிறுகளைத் திறந்திருக்கிறேன். அப்படி ஒரு சுரப்பி இல்லை. தொப்புளுக்குப் பின்னால் இருப்பது வடு. கொடியில் ஓடிய இரண்டு தமனியும் ஒரு சிரையும் காய்ந்து கயிறாகிக் கிடக்கின்றன. எண்ணெய் விடுவதால் கெடுதல் பெரிதாக இல்லை, ஆழமான தொப்புளில் அழுக்கு சேரும். வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தால் போதும்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு நேரம் பாட்டிகளையும் வைத்தியர்களையும் பற்றிப் பேசினேன். இது என்னைப் பற்றியது.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த வருடம். நள்ளிரவில் பதினாலு வயதுப் பையன் ஒருவன் வந்தான். "வயிறு வலிக்குது சார்" என்று தொப்புளுக்குக் கீழே கை வைத்துக் காட்டினான். வாந்தி எடுத்திருந்தான். வயிற்றை அழுத்திப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. ஊசி போட்டு அனுப்பிவிட்டேன். அரைக்கால் சட்டையை இறக்கிப் பார்க்கவில்லை. பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள், அவன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. மறுநாள் மதியம் திரும்ப வந்தபோது ஒரு பக்க விதை முறுக்கிக் கறுத்துப்போயிருந்தது. எடுத்துவிட வேண்டியதாயிற்று. விதை கருவில் வயிற்றுக்குள்தான் உருவாகிறது, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பிறகுதான் கீழே இறங்குகிறது. தன் பழைய விலாசத்தை அது மாற்றிக்கொள்வதில்லை. அதன் வலியும் தொப்புள் பக்கம்தான் மணி அடிக்கும்.

முறுக்கிய விதையைக் காப்பாற்ற ஏறத்தாழ ஆறு மணி நேரம்தான் இருக்கிறது. பத்து வயதுக்கு மேற்பட்ட ஆண்பிள்ளை இருக்கிற வீடுகளில், இன்று ராத்திரியே அவனிடம் சொல்லிவையுங்கள். கீழே வலித்தாலோ வீங்கினாலோ கூச்சப்படாமல் உடனே சொல்ல வேண்டும் என்று. அப்பா சொன்னாலும் சரி, அம்மா சொன்னாலும் சரி, அப்பத்தாவே சொன்னாலும் சரி.